பெயர் பொது, படம் உங்கள் இஷ்டம்

லினக்ஸ் கணினியில் ஒரு ஃபோல்டரின் நிறத்தை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் பிடிக்கவில்லையா, பச்சையாக்கிக்கொள்ளலாம். பச்சையும் அலுத்துவிட்டால் பிரவுசர், குப்பைத்தொட்டி, வைஃபை, பேட்டரி, ஸ்பீக்கர் என்று திரையில் தெரியும் அத்தனை சின்னங்களையும் ஒரே சொடுக்கில் வேறோர் ஓவியரின் கைவண்ணத்துக்கு மாற்றிவிடலாம். மனம் ஒப்பவில்லையென்றால் அடுத்த நொடியே பழையபடி. இப்படி மொத்தமாக மாற்றிக்கொள்ள உதவும் படத் தொகுப்புக்குத்தான் ஐகான் தீம் என்று பெயர்.

வேலையற்ற வேலை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் 2020 அக்டோபரில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜிமெயிலின் கடித உறை மறைந்து நான்கு நிற 'எம்' வந்தது. காலண்டர், டிரைவ், மீட் என்று கூகுளின் மற்ற சின்னங்களும் அதே நான்கு நிறங்களைப் பூசிக்கொண்டன. அவசரத்தில் எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை என்று உலகம் முழுக்கப் புலம்பல் எழுந்தது. 2016-ல் இன்ஸ்டாகிராமின் பழுப்பு நிற கேமரா ஒரே நாளில் ஊதாவும் ஆரஞ்சும் கலந்த வடிவமானபோதும் இதே கதை. பழைய சின்னம்தான் வேண்டும் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த நிறுவனங்களிடம் பதில் இல்லை. தினமும் நூறு முறை நம் கண் படுகிற இடத்தில் என்ன படம் இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

லினக்ஸில் அந்த முடிவு கணினி முன் உட்கார்ந்திருப்பவருடையது. அது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது.

மாற்றும் வழி எளிது, எந்தத் திரைச்சூழல் என்பதைப் பொறுத்துச் சற்று மாறும். லினக்ஸ் மின்ட்டில் அமைப்புகளுக்குள் 'தீம்ஸ்' என்ற பகுதி. எக்ஸ்எஃப்சிஇ திரையில் 'அப்பியரன்ஸ்' பகுதியில் ஐகான்களுக்கென்று தனிப் பக்கம். கேடிஇ பிளாஸ்மாவில் அமைப்புகளிலிருந்தே புதிய தீம்களைத் தேடி இறக்கிக்கொள்ளலாம். க்னோம் மட்டும் இந்த வசதியைத் தன் அமைப்புகளில் வைக்கவில்லை. 'ட்வீக்ஸ்' என்ற சிறு செயலியைத் தனியாக நிறுவ வேண்டும். இணையத்தில் இறக்கிய தீமை நாமே வைக்க வேண்டுமென்றால், நம் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஐகான்ஸ்'. அங்கே கொண்டுபோய் விரித்துவிட்டால் போதும். அட்மின் பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை.

பெயரில் ஓர் ஒப்பந்தம்

ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறக்கிறீர்கள். அதில் 'சேமி' பட்டன் இருக்கிறது. அந்தப் பட்டனில் வர வேண்டிய படத்தை எடிட்டரை எழுதியவர் பெரும்பாலும் தன் செயலிக்குள் வைத்திருப்பதில்லை. 'டாக்குமென்ட்-சேவ்' என்ற பெயரை மட்டும் எழுதிவைத்திருக்கிறார். செயலி திறக்கும் நொடியில் கணினி நீங்கள் தேர்ந்தெடுத்த தீமுக்குள் போய் அந்தப் பெயரில் உள்ள படத்தைத் தேடி எடுத்து ஒட்டுகிறது. தீம் மாறினால் படம் மாறும். செயலியில் ஓர் எழுத்துகூட மாறாது. கோயிலில் காலையில் சந்தனக் காப்பு, மாலையில் பூ அலங்காரம் என்று கோலம் மாறினாலும் உள்ளே இருக்கும் மூலவர் அதே மூலவர்தானே, அப்படி.

தேடிய பெயரில் படம் இல்லையென்றால்? ஒவ்வொரு தீமின் உள்ளேயும் 'இண்டெக்ஸ்' என்றொரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. எந்த அளவுப் படம் எந்த ஃபோல்டரில், தன்னிடம் இல்லாததை எந்த தீமிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்தது. கடைசிப் புகலிடமாக 'ஹைகலர்' என்றொரு தீம் எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. செயலிகள் தங்கள் சொந்தச் சின்னத்தைக் கொண்டுவந்து வைப்பது அங்கேதான். பெயர்களிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'இன்புட்-மவுஸ்-யுஎஸ்பி' என்ற பெயரில் படம் கிடைக்காவிட்டால் வாலை வெட்டி 'இன்புட்-மவுஸ்' என்று தேடலாம். துல்லியமான படம் இல்லாத இடத்தில் பொதுவான படமாவது வந்து நிற்கும். இப்படி யோசித்து வைத்திருப்பதால்தான், ஒரு தனி மனிதர் வரைந்த அரைகுறைத் தீமைப் போட்டாலும் திரையில் ஓட்டை விழுவதில்லை.

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. கேடிஇ 1996-லும் க்னோம் 1997-லும் தொடங்கின. இரண்டும் இருவேறு குழுக்கள், இருவேறு மென்பொருள் அடித்தளங்கள், அவ்வப்போது உரசல்கள். சேமிக்கும் படத்துக்கு ஒரு பக்கம் 'ஃபைல்சேவ்' என்று பெயர், மறுபக்கம் 'ஸ்டாக்-சேவ்'. ஒரு பக்கத்துக்கு வரைந்தது மறுபக்கம் உதவாது. 2000-ல் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுமேடையில்தான் இந்தக் குழுக்கள் பேசத் தொடங்கின. படங்களை எங்கே வைப்பது, எப்படித் தேடுவது என்பதற்கு ஒரு விதிமுறை வந்தது. அதற்குப் பிறகு ராட்னி டாஸ் தொகுத்த பெயர்ப் பட்டியல் வந்தது. 2008-ல் வெளிவந்த கேடிஇ 4 பழைய பெயர்களைக் கைவிட்டு இந்தப் பொதுப் பெயர்களுக்கு மாறியது. இன்று ஒரே தீமை க்னோமிலும் கேடிஇயிலும் எக்ஸ்எஃப்சிஇயிலும் போட முடிவதற்கு அந்தச் சில வருடப் பேச்சுவார்த்தையே காரணம். கட்டாயப்படுத்த எந்த நிறுவனமும் இல்லாத இடத்தில், போட்டியாளர்கள் உட்கார்ந்து பெயர்களில் உடன்பட்டார்கள். லினக்ஸ் உலகின் பெரிய சாதனைகளில் ஒன்றாக இதை நான் நினைக்கிறேன்.

டாங்கோ தந்த வண்ணங்கள்

பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தால் யார் பின்பற்றுவார்கள்? அந்தப் பெயர்களுக்கு அழகான படங்களோடு வந்த திட்டம்தான் டாங்கோ. 2005-ல் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்கள் யாகுப் ஸ்டைனர், 'டைகர்ட்' என்ற பெயரில் அறியப்பட்ட டுவோமாஸ் குவோஸ்மனென் போன்ற ஓவியர்கள். தங்கள் படங்களை வெளியிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அதே பாணியில் யார் வேண்டுமானாலும் வரைவதற்கு ஒரு கையேட்டையும் எழுதினார்கள்.

வெண்ணெய் மஞ்சள், ஆரஞ்சு, சாக்லேட், பச்சோந்திப் பச்சை, வான நீலம், பிளம் ஊதா, கருஞ்சிவப்பு என்று ஏழு நிறங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சாயல். அலுமினியச் சாம்பலில் மட்டும் ஆறு. மொத்தம் 27. ஒளி மேலிருந்து விழ வேண்டும். பொருளின் வெளிக்கோடு கறுப்பாக இருக்கக் கூடாது. பொருளின் நிறத்திலேயே அடர்ந்த சாயலில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு உட்புறமாக இன்னொரு மெல்லிய வெளிச்சக் கோடு. இந்தச் சில விதிகளைப் பின்பற்றினாலே, வேறு வேறு நாட்டில் உட்கார்ந்து வரைகிற பத்துப் பேரின் படங்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

டாங்கோவின் 'சேமி' படம் எனக்கு மிகவும் பிடித்தது. உலகமே ஃபிளாப்பியை வரைந்துகொண்டிருந்தபோது, அவர்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கை வரைந்து அதை நோக்கி இறங்கும் ஓர் அம்புக்குறியைப் போட்டார்கள். ஃபிளாப்பியைத் தொட்டே பார்த்திராத ஒரு தலைமுறை வரப்போகிறது என்பதை உணர்ந்து வரைந்த படம் அது.

2009-ல் டாங்கோ படங்கள் முழுக்கப் பொதுவுடைமையாக்கப்பட்டன. பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. அதனால் அவை லினக்ஸைத் தாண்டி எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. ஒரு கட்டுரையைத் துப்புரவு செய்ய வேண்டும் என்று சொல்ல விக்கிப்பீடியா காட்டிவந்த துடைப்பம் டாங்கோவினுடையது. லினக்ஸ் டெர்மினலின் நிற அமைப்பில் இன்றும் 'டாங்கோ' என்றொரு தேர்வு இருக்கும். அந்த நிறங்களை நீங்கள் லினக்ஸைத் தொடாமலே பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதே காலத்தில் கேடிஇ பக்கம் வேறொரு பாணி. பிரேசிலைச் சேர்ந்த எவரால்டோ கொயெல்யோவின் 'கிரிஸ்டல்' கண்ணாடிபோல் பளபளத்தது. இத்தாலியின் டேவிட் வின்யோனி 'நுவோலா'வை வரைந்தார். அவரும் போர்ச்சுகலின் நுனோ பின்யெய்ரோவும் சேர்ந்து பணியாற்றிய 'ஆக்சிஜன்' கேடிஇ 4-ன் முகமானது. ஒவ்வொரு படமும் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வரும் அளவுக்கு நுணுக்கம். 2010-ல் மாத்தியூ ஜேம்ஸ் வெளியிட்ட 'ஃபேன்ஸா', வளைந்த மூலைகளைக் கொண்ட சதுரங்களுக்குள் எல்லாச் சின்னங்களையும் அடக்கியது. உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே அது பரவிய வேகம் அபாரம். பிறகு தட்டையான படங்களின் காலம் வந்தது. கேடிஇ 'ப்ரீஸ்'க்கு மாறியது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவற்றில் எதுவுமே அழிந்துவிடவில்லை. ஆக்சிஜன் இன்றும் நிறுவக் கிடைக்கிறது. விண்டோஸ் 95-ன் தோற்றத்தை எக்ஸ்எஃப்சிஇயில் அப்படியே கொண்டுவரும் 'சிகாகோ95' என்ற தீமை ஆர்வலர்கள் பேணிவருகிறார்கள். புதியது வந்ததும் பழையது காணாமல்போவதுதான் கணினி உலக வழக்கம். இங்கே இருபது வருட ஓவிய மரபு மொத்தமும் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி உயிரோடு இருக்கிறது.

பதினாறு புள்ளிக்குள் ஒரு கேமரா

இன்று அதிகம் பேர் போட்டுக்கொள்ளும் தீம்களில் ஒன்று 'பாப்பிரஸ்'. சாம் ஹெவிட் உருவாக்கிய 'பேப்பர்' தீமிலிருந்து கிளைத்தது. அலெக்ஸி வர்ஃபோலொமெயெவ் தொடங்கி, தன்னார்வலர் குழு ஒன்று வளர்த்துவருகிறது. ஆயிரக்கணக்கான படங்கள். ஃபோல்டரின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ள ஒரு தனிக் கருவியே இருக்கிறது. வெளிர்நிறத் திரைக்கும் இருண்ட திரைக்கும் தனித்தனிப் பதிப்புகள். ஏனென்றால் மேல்பட்டையில் உட்காரும் சிறிய சின்னங்கள் கறுப்புப் பின்னணியில் கறுப்பாகவே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் படங்களை வரைவது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு முறையாவது கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியைத் திறந்து பதினாறுக்குப் பதினாறு புள்ளி உள்ள ஒரு கட்டம் போடுங்கள். மொத்தம் 256 புள்ளிகள். அதற்குள் ஒரு கேமரா வரைய வேண்டும். லென்ஸுக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு செவ்வகம், மேலே பட்டனுக்கு ஒரு சிறு மேடு. செவ்வகத்தின் ஓரக்கோடு ஒரு புள்ளி அகலம் இருக்கட்டும். அந்தக் கோடு சரியாகக் கட்டத்துக்குள் விழுந்தால் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். அரைப் புள்ளி நகர்ந்து இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழுந்துவிட்டால், கணினி அதை இரண்டு புள்ளிகளுக்கும் பங்கிட்டு மங்கிய சாம்பல் பட்டையாக்கிவிடும். திரையில் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ கலங்கலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

இப்போது அதே கேமராவை 22, 24, 32, 48 என்ற அளவுகளிலும் வரைய வேண்டும். பெரிய படத்தைச் சுருக்கினால் போதாதா என்றால், போதாது. 48 புள்ளியில் அழகாக இருக்கும் லென்ஸின் உள்வளையம் 16-ல் வெறும் அழுக்காகிவிடும். எதை விடுவது, எதைத் தடிமனாக்குவது என்று ஒவ்வோர் அளவிலும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். 1984-ல் முதல் மெக்கின்டாஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேர் கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பித்தான் தொடங்கினார். கருவிகள் மாறியிருக்கின்றன, கட்டத்தோடு போராடுவது மாறவில்லை.

இதற்கு மேல் பெயர்ச் சிக்கல் வேறு. ஒரே செயலியை ஒரு வழியில் நிறுவினால் அதன் ஐகான் பெயர் 'கிம்ப்' என்று வரும். ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறை வழியாக நிறுவினால் நீண்ட முகவரிபோல் ஒரு பெயரில் வரும். எல்லாப் பெயர்களிலிருந்தும் ஒரே படத்துக்கு இணைப்பு வைக்கும் சலிப்பான வேலையையும் இந்தத் தன்னார்வலர்களே செய்கிறார்கள். ஸ்னாப் என்ற இன்னொரு முறையில் வரும் செயலிகள் பலவற்றில் பெயரே இருக்காது; படம் இருக்கும் இடத்தின் முழு முகவரி எழுதியிருக்கும். அங்கே ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. உபுண்டுவில் தீம் மாற்றியும் ஒரு சில சின்னங்கள் மட்டும் அடம்பிடித்து மாறாமல் நிற்பது இதனால்தான். அந்தச் செயலியின் பெயர், ஐகான் விவரங்கள் உள்ள 'டெஸ்க்டாப்' ஃபைலை நம் ஹோம் ஃபோல்டருக்குள் பிரதி எடுத்து, 'ஐகான்' என்ற வரியில் முகவரிக்குப் பதில் பெயரை எழுதினால் வழிக்கு வரும்.

யாருடைய சின்னம்?

2019-ல் ஒரு பெரிய விவாதம் வெடித்தது. க்னோம் செயலிகளை எழுதுகிறவர்கள் பலர் கையெழுத்திட்டு ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள்: எங்கள் செயலிகளுக்கு உங்கள் தீமைப் பூசாதீர்கள். தீம் மாற்றுவதால் பட்டன்கள் சிதைகின்றன, எழுத்து படிக்க முடியாமல் போகிறது, பிழை என்று புகார் மட்டும் எங்களுக்கு வருகிறது என்றார்கள். செயலியின் ஐகான் அதன் முகம். அதை வேறொருவர் மாற்றி வரைந்துவிட்டுப் போவது எங்கள் அடையாளத்தை அழிப்பது என்பதும் அவர்கள் வாதம்.

கோபப்பட்டவர்கள் பலர் அந்த மடலை முழுக்கப் படிக்கவில்லை. அது தனி நபர்களுக்கு எழுதியதல்ல. லினக்ஸைத் தொகுத்து வெளியிடுகிறவர்களுக்கு எழுதியது. உங்கள் சொந்தக் கணினியில் நீங்கள் விளையாடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அதிலேயே சொல்லியிருந்தார்கள். இந்த வேறுபாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கானோருக்குப் போகிற தொகுப்பில் ஒருவரின் படைப்பைக் கேட்காமல் மாற்றியனுப்புவது வேறு. என் மேஜையில் என் கண்ணுக்கு ஏற்றபடி நான் மாற்றிக்கொள்வது வேறு. முன்னதில் எழுதியவரின் சொல்லுக்கு எடை இருக்க வேண்டும். பின்னதில் கடைசிச் சொல் பயன்படுத்துகிறவருடையது.

அவர்கள் சொன்னதில் ஓவிய ரீதியான உண்மையும் ஒன்று இருக்கிறது. எல்லாச் சின்னங்களையும் ஒரே வட்டத்துக்குள்ளோ ஒரே சதுரத்துக்குள்ளோ அடக்கும் தீம்கள் முதல் பார்வைக்குச் சீராக இருக்கும். ஆனால் நம் கண் படத்தைப் படிப்பதற்கு முன் அதன் விளிம்பைத்தான் பிடிக்கிறது. விளிம்பெல்லாம் ஒன்றானால் நிறத்தை வைத்தும் உள்ளே இருக்கும் கோட்டை வைத்தும் மட்டுமே தேட வேண்டியிருக்கும். கூகுளின் நான்கு நிறச் சிக்கலும் இதேதான், வேறு வழியில் வந்தது. தீம் தேர்ந்தெடுக்கும்போது ஸ்கிரீன்ஷாட்டின் அழகில் மயங்காமல், அவசரத்தில் நான் தேடுவது கிடைக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இன்னோர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். 2024 மார்ச்சில் கேடிஇயின் இணையக் கடையிலிருந்து 'குளோபல் தீம்' ஒன்றை நிறுவிய ஒருவரின் ஃபைல்கள் அழிந்துபோயின. கேடிஇ தரப்பே முன்வந்து பயனர்களை எச்சரித்தது. குளோபல் தீம் என்பது வெறும் படத் தொகுப்பல்ல; அதற்குள் இயங்கக்கூடிய நிரல்களும் இருக்கலாம். ஐகான் தீம் அப்படியல்ல, அதில் இருப்பவை படங்களும் அந்த இண்டெக்ஸ் ஃபைலும்தான். ஆனாலும் தீமோடு சேர்த்து 'இந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள்' என்று யாராவது கொடுத்தால், பெயர் தெரியாதவருடையதை ஓட்ட வேண்டாம். பாப்பிரஸ் போன்றவை டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே கிடைக்கின்றன. அங்கிருந்து எடுப்பது பாதுகாப்பு.

பார்வைக்கும் வயதுக்கும்

அழகைத் தாண்டிய பயன் ஒன்றைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 'ஹை கான்ட்ராஸ்ட்' என்ற தீம் க்னோமோடு பல காலமாக இருக்கிறது. மென்சாயல் எதுவும் இல்லாமல் அழுத்தமான கறுப்பு வெள்ளையில் வரைந்த படங்கள். மவுஸ் அம்புக்குறிகளும் இதே ஐகான்ஸ் ஃபோல்டருக்குள்தான் தீமாக உட்காருகின்றன. அறுபது வயதைத் தாண்டியவர் திரையில் அம்பைத் தேடித் தேடிக் கை ஓய்வதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு விளிம்போடு பெரிதாக வரைந்த ஓர் அம்புக்குறித் தீம், நிறம் பிரித்த நான்கைந்து ஃபோல்டர்கள்: பேங்க் பாஸ்புக் ஸ்கேன் சிவப்பில், பேரப்பிள்ளைகள் படங்கள் பச்சையில், மருத்துவ ரிப்போர்ட் நீலத்தில். பெயரைப் படிக்கக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்காது. கணினி தெரிந்த பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பெற்றோருக்குச் செய்து கொடுக்கக்கூடிய வேலை இது.

தமிழ்நாட்டில் லினக்ஸ் திரை முற்றிலும் அந்நியமும் அல்ல. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர் கைக்கு வந்தது. அதில் பல மடிக்கணினிகள் இன்று பரண்மேல் கிடக்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எடை குறைந்த திரையை நிறுவினால் அவற்றில் சில இன்னும் ஓடும். அப்படி எழுப்பிய பழைய கணினிக்கு ஒரு நல்ல ஐகான் தீம் போட்டுப் பாருங்கள். ராமும் அதிகமாகாது, பிராசஸரும் மாறாது, ஆனால் வீட்டுப் பிள்ளைகள் அதன் முன் உட்கார மறுக்க மாட்டார்கள்.

வரையத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பயன்படுத்தும் தீமில் ஏதோ ஒரு செயலிக்குப் படம் இல்லாமல் இருக்கும். அதன் பெயரை டெஸ்க்டாப் ஃபைலில் பாருங்கள். தீமின் 48 புள்ளிப் படம் ஒன்றை இன்க்ஸ்கேப்பில் திறந்து நிறங்களையும் நிழலின் அளவையும் ஓரத்தில் விட்டிருக்கும் இடைவெளியையும் கவனித்து, அதே முறையில் வரையுங்கள். முதலில் உங்கள் கணினியில் போட்டு, வெளிர் பின்னணியிலும் இருண்ட பின்னணியிலும் சோதியுங்கள். பிறகு அந்தத் தீமின் கிட்ஹப் பக்கத்தில் செயலியின் பெயரையும் மூலச் சின்னத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கட்டத்தில் அரைப் புள்ளி விலகியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் சரிசெய்து மீண்டும் அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டார்களென்றால், அடுத்த பதிப்பிலிருந்து அந்தத் தீமைப் போட்டிருக்கும் எல்லோருடைய திரையிலும் அந்தச் செயலிக்கு நீங்கள் வரைந்த படம்தான் வரும்.